கூலியாளா, சிப்பாயா? – 54ஆம் மாசச்சூசெட்ஸ் படைப்பிரிவின் 18 மாதங்கள்



ஒடுக்கப்பட்டவர்கள் செத்துப்போனதை நினைவுகூர எல்லோரும் வருகிறார்கள். மாலை வைக்கிறார்கள், சிலை எழுப்புகிறார்கள். செத்தவர்கள் உயிரோடிருந்தபோது என்ன கேட்டார்கள், அது கிடைத்ததா என்று யாரும் பேசுவதில்லை. உயிர்த்தியாகத்தைக் கொண்டாடுவதால் ஆள்பவர்களுக்குச் செலவில்லை, உரிமையைக் கொடுத்தால்தான் செலவு. இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு ஒரு போர்ப்படையின் கதையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், வடக்கு அரசின் பக்கம் நின்று போரிட்ட 54ஆம் மாசச்சூசெட்ஸ் தன்னார்வக் காலாட்படையின் கதை அது. கறுப்பின மக்களே சிப்பாய்களாக இருந்த படைப்பிரிவு. அவர்கள் ஒரு கோட்டையைத் தாக்கிச் செத்ததை உலகம் அறியும். 18 மாதங்கள் சம்பளம் வாங்க மறுத்ததை அந்த அளவுக்கு யாரும் பேசியதில்லை. நான் பேச வந்தது அந்த மறுப்பைப் பற்றி.

போர் தொடங்கியபோது அமெரிக்காவில் சுமார் 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்ளத் தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோயின. வடக்கிலிருந்த சுதந்திரக் கறுப்பர்கள் முதல் நாளிலிருந்தே படையில் சேர முன்வந்தார்கள். அரசு அவர்களைத் திருப்பி அனுப்பியது. இது வெள்ளையர்களின் போர் என்றார்கள். 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர்ப்படையில் சேரும் தகுதி வெள்ளையருக்கு மட்டுமே இருந்தது. போர் நீண்டது, பிணங்கள் குவிந்தன, ஆள் போதவில்லை. அதன் பிறகுதான் கதவு திறந்தது. 1862 ஜூலையில் வந்த சட்டம் கறுப்பர்களைப் பணிக்கு எடுக்க அனுமதித்தது. 1863 ஜனவரி 1 அன்று வெளியான விடுதலைப் பிரகடனம் அவர்களைப் படையில் சேர்க்கலாம் என்று வெளிப்படையாக அறிவித்தது. நீதியுணர்வு எவ்வளவு, ஆள்தேவை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினம். நம் வரலாற்றிலும் பல கதவுகள் இப்படித்தான் திறந்திருக்கின்றன.

அந்த மாதமே மாசச்சூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றைத் திரட்ட அனுமதி பெற்றார். அந்த மாநிலத்தில் கறுப்பர்களின் எண்ணிக்கை குறைவு. ஆகவே பென்சில்வேனியா, நியூயார்க், ஓஹியோ என்று பல மாநிலங்களிலிருந்தும், கனடாவிலிருந்தும்கூட ஆள் வந்தார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்து எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் உயர்ந்த பிரெடெரிக் டக்ளஸ் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார். தன் மகன்களில் இருவரையும் சேர்த்துவிட்டார். வந்தவர்களில் பெரும்பாலோர் சுதந்திரமானவர்களாகவே பிறந்தவர்கள். திமிங்கில வேட்டைக் கப்பலில் வேலை பார்த்தவர், மரத்தச்சர், பண்ணையாள், முடிதிருத்துபவர் என்று பல தொழில்களைச் செய்தவர்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் நிறைய இருந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்களுக்கு உள்ள அதே சம்பளம், அதே உடை, அதே உணவு என்ற உறுதியை நம்பித்தான் அவர்கள் கையெழுத்திட்டார்கள். அதிகாரிகள் மட்டும் வெள்ளையர்கள். தளபதி ராபர்ட் கோல்டு ஷாவுக்கு வயது 25. அடிமை ஒழிப்பை ஆதரித்த செல்வக் குடும்பத்துப் பிள்ளை.

1863 மே 28 அன்று அந்த ஆயிரம் பேரும் பாஸ்டன் தெருக்களில் அணிவகுத்துக் கப்பலேறினார்கள். அவர்கள் நடந்துபோன ஸ்டேட் தெருவின் வழியாகத்தான் 9 ஆண்டுகளுக்கு முன்பு, தப்பியோடி வந்த அந்தோணி பர்ன்ஸ் என்ற அடிமையைச் சிப்பாய்கள் சூழ இழுத்துப்போய், கப்பலேற்றித் தெற்கிலிருந்த எஜமானிடம் ஒப்படைத்தார்கள். அதே தெருவில் இப்போது கறுப்பர்கள் துப்பாக்கி ஏந்தி நடந்தார்கள்.

அந்தத் துப்பாக்கிக்கு என்ன விலை என்பதும் அவர்களுக்குத் தெரியும். கறுப்பினப் படைக்குத் தலைமை தாங்கும் வெள்ளை அதிகாரி பிடிபட்டால், அடிமைக் கலகத்தைத் தூண்டியவராகக் கருதி மரண தண்டனை வரை விதிக்கலாம் என்று அந்த மே மாதத் தொடக்கத்தில்தான் தெற்கின் நாடாளுமன்றம் தீர்மானித்திருந்தது. பிடிபடும் கறுப்புச் சிப்பாயை மாநிலங்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அதாவது, அவருக்குப் போர்க்கைதி என்ற தகுதிகூடக் கிடையாது. அடிமைச் சந்தையோ தூக்குமரமோ காத்திருந்தது.

ஜூலை 18 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு அருகே மோரிஸ் தீவில் இருந்த வாக்னர் கோட்டையைத் தாக்கும் பொறுப்பு வந்தது. இரண்டு நாளுக்கு முன்புதான் ஜேம்ஸ் தீவில் சண்டையிட்டிருந்தார்கள். சரியான உணவும் தூக்கமும் இல்லை. ஒருபக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு. நடுவே ஒடுங்கிய மணல்வெளி. தாக்குதலின் முன்வரிசையில் நின்றது 54ஆம் படைப்பிரிவு. சென்ற சுமார் 600 பேரில் 272 பேர் செத்தார்கள், காயமடைந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். ஷா கோட்டைச் சுவரின் மேலேயே சுடப்பட்டு விழுந்தார். அவரை அவமானப்படுத்துவதாக நினைத்துத் தெற்குப் படையினர், அவருடைய கறுப்புச் சிப்பாய்களோடு சேர்த்து ஒரே குழியில் புதைத்தார்கள். உடலைத் தோண்டி எடுத்துவர வேண்டாம், அவர் தன் வீரர்களோடு இருப்பதே பொருத்தம் என்று அவருடைய தந்தை சொல்லிவிட்டார். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த வில்லியம் கார்னி என்ற சார்ஜெண்ட், பல காயங்களோடு தவழ்ந்து கொடியைக் கீழே விழவிடாமல் திரும்பக் கொண்டுவந்தார்.

அதே வாரத்தில் நியூயார்க் நகரத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்துக் கிளம்பிய வெள்ளையர் கூட்டம், ஜூலை 13 முதல் கறுப்பர்களைத் தேடித்தேடி அடித்தது, விளக்குக் கம்பங்களில் தூக்கிலிட்டது, கறுப்பினக் குழந்தைகளின் அனாதை இல்லத்தைக் கொளுத்தியது. பெர்முடா தீவிலிருந்து வந்து 54ஆம் படைப்பிரிவில் சேர்ந்த ராபர்ட் சிம்மன்ஸ் என்ற சார்ஜெண்டின் சகோதரி மகன், சிறுவன், அந்தக் கலவரத்தில் கொல்லப்பட்டான். சிம்மன்ஸ் வாக்னர் கோட்டையில் காயப்பட்டுப் பிடிபட்டு, கை துண்டிக்கப்பட்டு இறந்தார். எந்த நாட்டுக்காக அவர் கோட்டை ஏறினாரோ அந்த நாட்டின் பெருநகரம் அவர் வீட்டுப் பிள்ளையைக் கொன்றது.

இதுவரை சொன்னது நினைவுச்சின்னங்களில் உள்ள கதை. 1989இல் வந்த 'குளோரி' திரைப்படமும் வாக்னர் கோட்டையோடு முடிந்துவிடுகிறது. அதில் சம்பளச் சீட்டைக் கிழித்தெறியும் காட்சி ஒன்று உண்டு. சில நிமிடங்களில் கடந்துபோய்விடும். உண்மையில் அது ஒரு நாள் ஆவேசம் அல்ல. கோட்டைத் தாக்குதலுக்குப் பிறகும் ஓராண்டுக்கு மேல் நீடித்த போராட்டம் அது.

வெள்ளைச் சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டாலர். உடைக்கான படி தனி. கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர் என்றார்கள். அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்துக்கொண்டு 7 டாலர் கொடுத்தார்கள். காரணம் 1862ஆம் ஆண்டின் அந்தச் சட்டம். குழி வெட்டவும் சுமை தூக்கவும் எடுக்கப்படும் கறுப்பர்களை மனத்தில் வைத்து அதில் கூலி நிர்ணயிக்கப்பட்டிருந்தது. துப்பாக்கி ஏந்தியவர்களுக்கும் அதே கணக்கைப் போட்டார்கள். நம் மொழியில் சம்பளம் என்றும் கூலி என்றும் இரண்டு சொற்கள் உண்டு. யாருக்கு எந்தச் சொல் என்பதில் சாதி இருக்கிறது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குழி வெட்டுவது இழிவு என்று அவர்கள் சொல்லவில்லை. வாக்னர் கோட்டையை முற்றுகையிட்டபோது வெயிலிலும் பீரங்கித் தாக்குதலிலும் நாள்கணக்கில் பதுங்குகுழி வெட்டியவர்கள் அவர்கள்தான். செய்யும் வேலைக்கு விலை வைக்காமல் செய்பவரின் நிறத்துக்கு விலை வைத்ததைத்தான் எதிர்த்தார்கள். இதற்கு நல்ல சான்று அந்தப் படைப்பிரிவின் மதகுரு சாமுவேல் ஹாரிசன். அவர் சுமை தூக்கவில்லை, பிரசங்கம் செய்தார், செத்தவர்களுக்குச் சடங்கு செய்தார். படையில் மதகுருவின் சம்பளம் மாதம் 100 டாலர். அவர் கறுப்பர் என்பதால் அவருக்கும் 10 டாலர்தான் என்றார்கள். அவரும் வாங்க மறுத்தார். அவருக்கு முழுச் சம்பளம் தர வேண்டும் என்று அரசின் தலைமைச் சட்ட அதிகாரியே 1864இல் கருத்துச் சொல்ல வேண்டிவந்தது.

சம்பளம் வழங்கும் அதிகாரி பலமுறை முகாமுக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் அவர்கள் வாங்காமல் திருப்பி அனுப்பினார்கள். மாசச்சூசெட்ஸ் சட்டமன்றம் 1863 நவம்பரில் ஒரு சமரசம் செய்தது. மத்திய அரசு தராத மீதிப் பணத்தை மாநிலமே தந்துவிடும் என்று சட்டம் போட்டது. ஆளுநர் நல்லெண்ணத்தோடு செய்ததுதான். அதையும் அவர்கள் மறுத்தார்கள். வாக்களித்தது மத்திய அரசு. அதுதான் தர வேண்டும். மாநிலத்திடம் வாங்கினால் பணம் கிடைத்துவிடும். ஆனால், நாங்கள் குறைந்தவர்கள் என்பதை நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார்கள். நமக்கு ஆதரவாக இருப்பவர் நீட்டும் உதவியை, அது உரிமையின் இடத்தைப் பிடித்துவிடும் என்பதற்காக மறுப்பது எளிதல்ல. எதிரியிடம் மறுப்பதைவிடக் கடினமானது அது.

இதற்கான விலையை வீட்டிலிருந்த பெண்கள்தான் கொடுத்தார்கள். கணவனின் சம்பளமின்றிக் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. சில குடும்பங்கள் ஏழைகள் விடுதிக்குப் போக நேர்ந்தது. 54ஐத் தொடர்ந்து உருவான 55ஆம் படைப்பிரிவும் சம்பளத்தை மறுத்தது. ரேச்சல் ஆன் விக்கர் என்ற பெண் 1864 செப்டம்பரில் ஓஹியோவிலிருந்து, 55இல் சேர்ந்த எங்கள் கணவன்மார்களுக்கும் மகன்களுக்கும் ஏன் சம்பளம் வரவில்லை என்று கேட்டுக் கடிதம் எழுதினார். எழுத்துப் பிழைகள் நிறைந்த கடிதம். ஆனால், கேள்வியில் பிழை இல்லை.

ஆண்களும் எழுதினார்கள். இலக்கிய அமைப்பொன்றின் மேடையில் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிலடெல்பியாவில் மரவேலை செய்துவந்த ஜார்ஜ் ஸ்டீபன்ஸ் படைமுகாமிலிருந்து கறுப்பினப் பத்திரிகைக்கு எழுதினார். திமிங்கில வேட்டைக் கப்பல்களில் உழைத்த ஜேம்ஸ் ஹென்றி குடிங், நியூ பெட்ஃபோர்டு நகரத்துப் பத்திரிகைக்குத் தொடர்ந்து எழுதினார். 1863 செப்டம்பர் 28 அன்று குடிங் நேராகக் குடியரசுத் தலைவர் லிங்கனுக்கே எழுதினார். அவர் கேட்டதன் சாரம்: நாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா? சிப்பாயின் கடமையைச் செய்துவிட்டோம், சிப்பாயின் சம்பளம் ஏன் இல்லை?

லிங்கன் என்ன நினைத்தார் என்பது தெரியும். அதற்கு முந்தைய மாதம் டக்ளஸ் அவரை வெள்ளை மாளிகையில் சந்தித்து இதையே கேட்டிருந்தார். கறுப்பர்கள் சிப்பாய்களாவதையே பல வெள்ளையர்கள் ஏற்கவில்லை, குறைந்த சம்பளம் அவர்களைச் சமாதானப்படுத்தத் தேவைப்பட்ட விட்டுக்கொடுத்தல், இறுதியில் சம சம்பளம் வரும் என்பது லிங்கனின் பதில். வெள்ளையரின் மனம் கோணாமல் இருக்கக் கறுப்பர் மாதாமாதம் 6 டாலர் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆதிக்கச் சாதியின் மனம் மாறும்வரை பொறுத்திருங்கள் என்ற அறிவுரையை நாமும் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறோம்.

சம்பளம் வாங்காமலே அவர்கள் போரிட்டார்கள். 1864 பிப்ரவரி 20 அன்று புளோரிடாவின் ஒலஸ்டியில் வடக்குப் படை தோற்றுப் பின்வாங்கியபோது, பின்னால் நின்று காத்தவர்களில் 54ஆம் படைப்பிரிவும் ஒன்று. மாசச்சூசெட்ஸுக்கும் மாதம் 7 டாலருக்கும் ஜே என்று கேலியாக முழங்கியபடியே அவர்கள் களமிறங்கியதாகப் படைப்பிரிவின் வரலாறு பதிவு செய்திருக்கிறது. காயம்பட்டவர்களை ஏற்றிய ரயில் பழுதாகி நின்றபோது, கயிறு கட்டிக் கையாலேயே இழுத்துப்போனவர்களும் அவர்கள்தான்.

எல்லோராலும் இப்படி மறுத்துவிட்டு உயிரோடு இருக்க முடியவில்லை. 3ஆம் தென் கரோலினா படைப்பிரிவு பெரும்பாலும் நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்களைக் கொண்டது. அதில் வில்லியம் வாக்கர் என்ற சார்ஜெண்ட் 1863 நவம்பரில் தன் ஆட்களைத் தளபதியின் கூடாரத்துக்கு முன் அழைத்துப்போய்த் துப்பாக்கிகளைக் கீழே வைக்கச் செய்தார். சம சம்பளம் தராத அரசுக்கு இனி வேலை செய்ய மாட்டோம் என்றார். அதே கோரிக்கைதான். அவரைக் கலகக்காரர் என்று ராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1864 பிப்ரவரி இறுதியில் சுட்டுக்கொன்றார்கள். அவருக்குச் சிப்பாயாகச் சம்பளம் தரச் சட்டம் கிடைக்காத அரசுக்கு, சிப்பாயாகச் சுட்டுக்கொல்ல மட்டும் சட்டம் கிடைத்தது என்று ஆளுநர் ஆண்ட்ரூ பின்னர் லிங்கனுக்குச் சுட்டிக்காட்டினார்.

54ஆம் படைப்பிரிவு சம்பளத்தை மறுத்ததே தவிர, பணியை மறுக்கவில்லை. அந்த வேறுபாடு முக்கியமானதுதான். ஆனால், வேறு வேறுபாடுகளும் இருந்தன. 54க்குப் பின்னால் ஓர் ஆளுநர் இருந்தார், பாஸ்டன் பத்திரிகைகள் இருந்தன, எழுதத் தெரிந்த கைகள் இருந்தன. வாக்கருக்கு எதுவும் இல்லை. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே யாருடைய எதிர்ப்பு போராட்டம் என்று பெயர் பெறுகிறது, யாருடையது கலகம் என்று சுடப்படுகிறது என்ற கேள்வியை நம் இயக்கங்களும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1864 ஜூன் 15 அன்று அமெரிக்க நாடாளுமன்றம் சம சம்பளச் சட்டத்தை நிறைவேற்றியது. அதிலும் ஒரு பொறி வைத்தது. போர் தொடங்கிய நாட்களில், அதாவது 1861 ஏப்ரல் 19 அன்று, சுதந்திரமாக இருந்தவர்களுக்குப் படையில் சேர்ந்த நாள் முதல் பாக்கி உண்டு. அன்று அடிமையாக இருந்தவர்களுக்கு 1864 ஜனவரி முதல்தான். ஒரே கூடாரத்தில் படுத்தவர்களைத் தேதி வைத்துப் பிரித்தார்கள். ஷாவுக்குப் பின் தளபதியான எட்வர்டு ஹாலோவெல் ஓர் உறுதிமொழியை உருவாக்கினார். அந்தத் தேதியில் எந்த மனிதனுக்கும் கூலியில்லா உழைப்பைத் தர நான் கடன்பட்டிருக்கவில்லை என்பது அதன் பொருள். தப்பியோடி வந்த அடிமையும் மனசாட்சிக்கு உண்மையாக அதைச் சொல்லலாம். சட்டம் அவரை அடிமை என்று சொல்லியிருக்கலாம். அவர் யாருக்கும் எதுவும் கடன்பட்டதில்லையே. படைப்பிரிவினர் உறுதிமொழி எடுத்தார்கள். செப்டம்பர் கடைசியில் பாக்கி முழுவதும் வந்தது. ஒன்றாக மறுத்தவர்கள் ஒன்றாகவே வாங்கினார்கள். தென் கரோலினாவில் அடிமைத்தளையிலிருந்து நேராகப் படைக்கு வந்தவர்களோ பாக்கிக்காக 1865 மார்ச்சில் வந்த இன்னொரு சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குடிங் அந்தப் பணத்தைப் பார்க்கவில்லை. ஒலஸ்டியில் பிடிபட்ட அவர், ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் 1864 ஜூலை 19 அன்று இறந்தார். சட்டம் நிறைவேறி ஐந்து வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

போர் முடிந்தது. சுமார் 1,80,000 கறுப்பர்கள் வடக்கின் தரைப்படையில் சேவை செய்திருந்தார்கள். ஏறக்குறைய 40,000 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரை நோய்தான் கொன்றது. பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு ஸ்டீபன் ஸ்வெயில்ஸின் வாழ்க்கையே போதும். 54இல் சார்ஜெண்டாக இருந்த அவருக்கு 1864 மார்ச்சிலேயே ஆளுநர் அதிகாரிப் பதவி கொடுத்தார். கறுப்பர் என்பதால் போர்த்துறை அதை ஏற்க 1865 ஜனவரி வரை ஆயிற்று. போருக்குப் பின் தென் கரோலினாவிலேயே தங்கி வழக்கறிஞராகவும், கிங்ஸ்ட்ரீ நகரத்தின் மேயராகவும், மாநில செனட் உறுப்பினராகவும் ஆனார். 1877இல் மத்திய அரசு தெற்கைப் பழைய எஜமானர்களிடமே விட்டுவிட்டு விலகியது. அடுத்த ஆண்டே வெள்ளையர்கள் கொலை மிரட்டல் விடுத்து அவரை ஊரைவிட்டு விரட்டினார்கள்.

1896இல் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி ரயில்பெட்டி வைப்பது சட்டப்படி சரி என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியாக அடுத்த ஆண்டு, 1897 மே 31 அன்று, பாஸ்டனில் 54ஆம் படைப்பிரிவின் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. குதிரைமேல் ஷா, அவரைச் சுற்றி நடக்கும் கறுப்புச் சிப்பாய்கள். அகஸ்டஸ் செயிண்ட் கௌடன்ஸ் செதுக்கிய அற்புதமான சிற்பம். இறந்த வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. கறுப்புச் சிப்பாய்களுக்கு முகம் இருந்தது, பெயர் இல்லை. கொடியைக் காத்த கார்னி போருக்குப் பின் தபால்காரராக வேலை பார்த்தார். அவருக்குரிய வீரப் பதக்கம் 1900இல், 37 ஆண்டுகள் கழித்து வந்தது.

அடிமைமுறையை எதிர்த்த இந்தப் போராட்டத்தை நம் முன்னோர் அப்போதே கவனித்தார்கள். ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காக உழைத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அதே ஏமாற்றம் இங்கும் வந்தது. பிரிட்டிஷ் படையில் தலைமுறைகளாகப் போரிட்ட மகர் மக்களுக்கு 1890களின் தொடக்கத்தில் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. மதராஸ் படையில் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். சில சாதிகள்தான் போருக்குப் பிறந்தவை என்ற கொள்கை வலுத்தபோது தென்னாட்டினரின் ஆள்சேர்ப்பும் சுருங்கியது. ஓய்வுபெற்ற சிப்பாய் கோபால் பாபா வலங்கர் மனு எழுதினார். சுபேதார் ராம்ஜியின் மகனாக ராணுவக் குடியிருப்பில் பிறந்த அம்பேத்கர், 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பர்கள் அளித்த மனுவின் பிரதியைக் கேட்டார். வாளைப் பற்றிக் கேட்கவில்லை, மனுவைப் பற்றிக் கேட்டார்.

நம் கூட்டங்களில் போர்வீரப் பெருமை பேசுவது அதிகமாகிவருகிறது. நாங்களும் ஆண்ட பரம்பரைதான், நாங்களும் வாள் பிடித்தவர்கள்தான் என்கிறோம். இழிவைச் சுமந்த மக்களுக்கு அந்தப் பெருமை ஏன் தேவைப்படுகிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால், சாகத் தயாராக இருந்தோம் என்று நிரூபிப்பதால் சமத்துவம் வந்துவிடாது. 54ஆம் படைப்பிரிவு அதை வாக்னர் கோட்டையிலேயே நிரூபித்துவிட்டது. அதன் பிறகும் 7 டாலர்தான் நீட்டினார்கள். கணக்கு மாறியது, அவர்கள் ஒன்றாக நின்று வாங்க மறுத்ததாலும், அதை எழுதி எழுதி ஊரறியச் செய்ததாலும்தான்.

பாஸ்டன் சின்னத்தில், உயிர்நீத்த கறுப்புச் சிப்பாய்கள் 64 பேரின் பெயர்களைப் பொறித்தது 1982இல். சின்னம் திறந்து 85 ஆண்டுகளுக்குப் பிறகு. அந்தப் பெயர்களைப் பொறிக்க முடிந்ததற்குக் காரணம், படைப் பதிவேடுகளில் அவை இருந்ததுதான். நம் தாத்தாக்கள் எழுதிய மனுக்கள், பாட்டிகள் கைநாட்டு வைத்த ஓய்வூதிய விண்ணப்பங்கள், சங்கங்களின் வரவு செலவு நோட்டுகள் எல்லாம் இன்னும் நம் வீடுகளின் தகரப்பெட்டிகளில் கிடக்கின்றன. கரையான் முந்திக்கொள்வதற்குள் அவற்றைப் படியெடுத்துத் தொகுக்கும் வேலையை இந்த அமைப்பு இந்த ஆண்டே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜெய்பீம்.